பழைய கையும் புதிய கத்தியும்



பத்து பாகாட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியராக இருக்கிறேன். பெற்றோரைச் சந்திக்கும் நாளில் பாடத்தைப் பற்றி வரும் கேள்விகளைவிடப் பிழைப்பைப் பற்றி வரும் கேள்விகள்தான் அதிகம். சென்ற முறை ஒரு மூதாட்டி, இளைய மகனின் பிள்ளைக்கு மதிப்பெண் அட்டை வாங்க வந்திருந்தார். வாங்கிக்கொண்டு எழுந்தவர், மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

"வாத்தியாரே, என் பெரியவன் ஜொகூர் பாருவில கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். கம்பெனிக் கணக்கையெல்லாம் அவன்தான் பாதுகாக்கிறான். பதினெட்டு வருஷமாச்சு. இப்போ அந்த டேட்டாபேஸையே மாத்தப் போறாங்களாம். நாப்பத்து மூணு வயசுல மறுபடியும் அ, ஆவிலிருந்து படிக்கணுமான்னு ராத்திரியெல்லாம் தூங்காம கிடக்கான். வேலையை விட்டுடலாமான்னு கேட்கிறான். படிச்ச படிப்பு வீணாப் போச்சா, வாத்தியாரே?"

இது அந்த ஒரு வீட்டின் கேள்வி மட்டும் அல்ல. தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, ஜொகூர் பாரு, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று போய்க் கணினித் துறையில் அமர்ந்த நம் பிள்ளைகள் பலர் இன்று நாற்பது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் 'தரவுத்தள நிர்வாகி' என்ற பொறுப்பில் இருப்பவர்களுக்கு, நடுவயதில் இப்படி ஒரு மாற்றம் வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அது என்ன மாற்றம், அதில் எது வீணாகும், எது வீணாகாது, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், தரவுத்தளம் என்றால் என்ன? இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தோட்டத்து ஆபீசில் கிராணியார் வைத்திருந்த செக்ரோல் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். இன்னார் வந்தார், இன்னார் வரவில்லை, இத்தனை கிலோ பால், இவ்வளவு முன்பணம் என்று அதில் பதிவாகும். மாதக் கடைசியில் நம் கையில் வந்த சம்பளம் அந்தப் புத்தகத்திலிருந்துதான் பிறந்தது. ஒரு கட்டத்தில் பிழை என்றால் ஒரு வீட்டில் அடுப்பு பாதிதான் எரியும்.

தரவுத்தளம் என்பது கணினிக்குள் இருக்கும் செக்ரோல். வங்கியில் நம் சேமிப்பு, மருத்துவமனையில் நம் நோய்க் குறிப்பு, பள்ளியில் பிள்ளையின் வருகை எல்லாம் இப்படிப்பட்ட வரிகளிலும் கட்டங்களிலும்தான் இருக்கின்றன. ஒரே சமயத்தில் ஆயிரம் பேர் எழுதினாலும் வரி கலையாமலும், மின்சாரம் நின்றாலும் பதிவு அழியாமலும், பார்க்கக் கூடாதவர் பார்க்காமலும் அதைக் காப்பவர்தான் தரவுத்தள நிர்வாகி. அவரும் ஒரு கிராணியார்தான். ஆனால் அவருடைய புத்தகத்தில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும்.

இந்த முறைக்கு அடிப்படை போட்டவர் எட்கார் காட் என்பவர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தகவலை வரிகளும் கட்டங்களுமான அட்டவணைகளாக வைத்தால் போதும், அது கணினிக்குள் எந்த மூலையில் கிடக்கிறது என்று கேட்பவர் அறிய வேண்டியதில்லை என்று அவர் 1970-ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் விளக்கினார். அப்போது அவருக்கு வயது 46. நாற்பதுக்குமேல் புதிதாக எதுவும் வராது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1974-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சாம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும், அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழியை அமைத்தார்கள். அதுவே இன்று எஸ்.கியூ.எல். என்று வழங்குகிறது. 'இந்த மாதம் இருபது நாளுக்குமேல் வேலைக்கு வந்தவர் யார்?' என்று கிராணியாரிடம் கேட்பதுபோல, கணினியிடம் கேட்கும் மொழி அது. 1986-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு இதைப் பொது மொழியாக ஏற்றுக்கொண்டது.

இந்த அடிப்படையில் பல நிறுவனங்கள் தத்தம் தரவுத்தளங்களைச் செய்து விற்றன. 1977-இல் தொடங்கிய நிறுவனம் ஒன்று 1979-இல் ஆரக்கிள் என்ற தரவுத்தளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய வங்கிகளும் அரசு அலுவலகங்களும் அதை வாங்கின. இன்னொரு புறம், கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்ற பேராசிரியர் 1986-இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்கத் தொடங்கினார். அதற்கு முதலில் வேறொரு கேள்வி மொழி இருந்தது. 1994-இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் அந்த மொழியை எடுத்துவிட்டு எஸ்.கியூ.எல். மொழியைப் பொருத்தினார்கள். அதாவது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமே பாதி வழியில் மொழி மாற்றிக்கொண்டதுதான். இன்று அது எவருடைய சொத்தும் அல்ல. உலகெங்கும் உள்ள வல்லுநர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். எவரும் பணம் கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஒரு நிறுவனம் ஏன் பழையதை விட்டுப் புதியதற்குப் போகிறது என்ற கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. விலைக்கு வாங்கும் தரவுத்தளத்துக்கு உரிமக் கட்டணம் உண்டு. அதன்பின் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. கணினியின் சக்தி கூடக்கூடக் கட்டணமும் கூடும். விற்பவர் விலையை ஏற்றினால் வாங்குபவர் எளிதில் விலக முடியாது. புத்தகம் முழுவதும் அவருடைய தாளில் அல்லவா எழுதியிருக்கிறது! நம் மலேசிய அரசு 2004-இல், அப்போது மாம்பு என்று வழங்கிய துறையின் மூலம், திறந்த மென்பொருளை அரசு அலுவலகங்களுக்குக் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தது. இந்திய அரசு 2015-இல் அப்படிப்பட்ட கொள்கையை வெளியிட்டது.

உலகறிந்த பெரிய மாற்றம் ஒன்றைச் சொல்கிறேன். இணையக் கடை நடத்தும் அமேசான் நிறுவனம் பல ஆண்டுகள் ஆரக்கிள் தரவுத்தளத்தை நம்பி வளர்ந்தது. 2019 அக்டோபரில், தன் கடைப் பிரிவில் கடைசி ஆரக்கிள் தரவுத்தளத்தையும் நிறுத்திவிட்டதாக அது அறிவித்தது. ஏறக்குறைய 7,500 தரவுத்தளங்கள். அவற்றில் 75 பெட்டாபைட் தகவல். அதாவது 75 மில்லியன் கிகாபைட். நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் அந்த வேலையில் ஈடுபட்டன. அவர்கள் மாறிப்போனது தங்கள் நிறுவனமே விற்கும் தளங்களுக்கு என்பதையும் நாம் மறக்கக் கூடாது. வெளியாரிடம் வாங்கிய சில மென்பொருள்கள் ஆரக்கிளோடு பிணைந்திருந்ததால், அவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். அத்தனை பெரிய நிறுவனமும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கி நடவில்லை.

சரி, இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பதினெட்டு ஆண்டுகள் ஆரக்கிளில் இருந்தவர் போஸ்ட்கிரெஸுக்கு மாறினால், படித்தது வீணா?

நான் அவரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா, பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டார்களே, அப்போது நீங்களும் ஐயாவும் என்ன செய்தீர்கள்?"

அவர் சிரித்தார். "அவரு கத்தியைக் கீழ வெச்சிட்டு அரிவாளை எடுத்தாரு. நான் உதிரிப் பழம் பொறுக்கப் போனேன். முதல் மாசம் கை ஒண்ணும் ஓடல. ஆனா மரத்தைப் பார்த்த கண்ணு எங்கே போகும்? எந்த நிரையில மண்ணு வழுக்கும், எந்தப் பக்கம் பாம்பு வரும், எது தேறின மரம், எது நோஞ்சான், எல்லாம் தெரியும்தானே."

"எதுவும் கைகொடுக்காமல் போகவில்லையா?"

"ஏன் போகல? பால்வெட்டுக்கு இருட்டோட எழுந்திருக்கணும். வெயில் ஏறினா பால் நின்னுடும். மழை வந்தா வேலையே இல்ல. செம்பனையில அப்படியா? தூறல்லயும் குலை வெட்டணும். பழைய நினைப்புல மழைக்கு ஒதுங்கி நின்னு மண்டோர்கிட்ட ஏச்சு வாங்கியிருக்காரு அவரு."

நேயர்களே, அந்த அம்மா தம் மகனின் கேள்விக்குத் தாமே பதில் சொல்லிவிட்டார். கண் போகாது. ஆனால் மழைக்கு ஒதுங்கும் பழக்கத்தை விட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நடுவயது மாற்றத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

முதலில், போகாத கண் எது என்று பார்ப்போம்.

எஸ்.கியூ.எல். மொழி போகாது. சில சொற்கள் வேறுபடும். ஈப்போத் தமிழுக்கும் ஜொகூர்த் தமிழுக்கும் உள்ள வேறுபாட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையை ஒழுங்காக அமைக்கும் அறிவு போகாது. ஒரே தகவலை மூன்று இடத்தில் எழுதினால் ஒரு நாள் மூன்றும் மூன்று விதமாக நிற்கும் என்பது எல்லாத் தளத்துக்கும் பொதுவான பாடம். தேடுவதற்கு நேரமாகிறது என்றால், புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் அகரவரிசைப் பட்டியலைப் போல ஒரு தேடுபட்டியல் போட வேண்டும் என்பதும் பொது.

நாள்தோறும் பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் போகாது. எடுத்து வைத்த பிரதியிலிருந்து மறுபடி முழுப் புத்தகத்தையும் உண்டாக்கிப் பார்த்தால்தான் அது பிரதி. இல்லாவிட்டால் அது வெறும் நம்பிக்கை. இதை அனுபவப்பட்ட நிர்வாகி அறிவார். புதிதாகப் படித்து வரும் இளைஞருக்குப் புதிய தளம் தெரிந்திருக்கலாம். இந்தப் பயம் தெரிந்திராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிறுவனத்தின் கணக்கு எப்படி நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எந்த நாளில் சம்பளம் போடுவார்கள், எந்தக் கட்டத்தில் பழைய கிராணி ஒருவர் என்றோ ஒரு குறியீட்டை எழுதிவைத்தார், அதை ஏன் அழிக்கக் கூடாது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அவர் தலைக்குள் இருக்கிறது. நிறுவனத்தார் இதை மறந்துவிடலாம். அவர் மறக்கக் கூடாது.

இனி, மழைக்கு ஒதுங்கும் பழக்கம் எது என்று பார்ப்போம். இதில்தான் அனுபவசாலிகள் தடுக்கி விழுகிறார்கள். நான்கு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது, வெற்றுக் கட்டம். ஒரு பட்டியலில் பிள்ளையின் பெயரையும் தந்தையின் பெயரையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அச்சிடும்போது இரண்டையும் நடுவில் 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரம்புவான்' என்பதன் சுருக்கத்தோடு ஒட்டி முழுப் பெயராக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தந்தை பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கிறது. ஆரக்கிள், வெறுமையை விட்டுவிட்டு மற்றதை ஒட்டித் தரும். பிள்ளையின் பெயராவது நிற்கும். போஸ்ட்கிரெஸ் அப்படியல்ல. 'தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றோடு ஒட்டினால் முழுவதும் தெரியாததே' என்பது அதன் கணக்கு. அதே ஒட்டுக்குறியைப் போட்டால் முழுப் பெயரும் மறைந்து வெறுமை வரும். தந்தை பெயர் இல்லாத பிள்ளையின் சொந்தப் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும்! அந்தப் பட்டியல் உதவிநிதிப் பட்டியலாக இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. இதற்கு வழி உண்டு. ஒரு சொல்லை மாற்றி எழுதினால் போதும். ஆனால் மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தேதி. ஆரக்கிளில் தேதி என்ற கட்டத்தில் நாளோடு மணி, நிமிடம், விநாடியும் சேர்ந்தே இருக்கும். போஸ்ட்கிரெஸில் தேதி என்றால் நாள் மட்டும்தான். நேரமும் வேண்டுமென்றால் வேறு வகைக் கட்டம் போட வேண்டும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அப்படியே மாற்றினால், செம்பனை ஆலையின் எடைமேடையில் காலையில் வந்த லோரி எது, மாலையில் வந்த லோரி எது என்ற விவரம் தொலைந்துபோகும்.

மூன்றாவது, எழுத்தின் அளவு. முனியாண்டி என்ற பெயர் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. இன்றைய யூனிகோடு முறையில் கணினிக்கு அது பத்துக் குறிகள். உயிர்மெய்க் கொம்பையும் காலையும் புள்ளியையும் அது தனியாக எண்ணும். சேமித்து வைக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு இடம் வேண்டும். ஆக, 30 பைட்டு. பெயருக்கு இருபது இடம் ஒதுக்கினேன் என்று ஒருவர் சொன்னால், 'இருபது எது?' என்று கேட்க வேண்டும். ஆரக்கிளில், வேறு விதமாகச் சொல்லாவிட்டால், இருபது பைட்டு. போஸ்ட்கிரெஸில் இருபது குறி. ஆகவே ஒன்றில் இடமில்லை என்று நிறுத்தப்பட்ட முனியாண்டி மற்றதில் தாராளமாக உட்காருவார். எதிர்த்திசையில் மாறும் நிறுவனத்தில், உட்கார்ந்திருந்தவர் வெளியே நிற்பார்.

நான்காவது, திருத்தும் முறை. இரண்டு கிராணிகள் இருக்கிறார்கள். ஒருவர் பிழையைத் திருத்தும்போது புத்தகத்தில் அதே இடத்தில் புதியதை எழுதிவிட்டு, பழைய எண்ணைத் தனி நோட்டில் குறித்துக்கொள்வார். ஆரக்கிள் செய்வது ஏறக்குறைய இது. மற்றவர், பழைய வரியை அடித்துவிட்டுப் புதிய வரியை வேறிடத்தில் எழுதுவார். அடித்த வரி புத்தகத்திலேயே கிடக்கும். போஸ்ட்கிரெஸ் செய்வது இது. அடித்த வரிகள் பெருகினால் புத்தகம் வீங்கும், தேடுவது மெதுவாகும். அதனால் அவ்வப்போது துப்புரவு நடந்து, அந்த இடங்களை மறுபடி எழுதத் தகுந்தவையாக ஆக்க வேண்டும். இத்துப்புரவு தானாகவே நடக்கும்படி ஏற்பாடு உண்டு. ஆனால் வேலை மிகுந்த இடத்தில் அது போதுமா என்று பார்ப்பது நிர்வாகியின் பொறுப்பு. ஆரக்கிளில் பதினெட்டு ஆண்டு இருந்தவருக்கு இந்த வேலையே புதிது. அவர் திறமை குறைந்தவர் என்பதனால் அல்ல. அவருடைய பழைய வீட்டில் அந்தக் குப்பை சேரும் இடம் வேறு.

இவற்றைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இப்படிப்பட்ட வேறுபாடுகள் எண்ணித் தீரக்கூடியவை, புத்தகங்களில் எழுதப்பட்டவை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது என்று எழுதிவைத்துக்கொண்டால் சில மாதங்களில் பிடிபட்டுவிடும். அந்த இடப்பக்கத்தை எழுத, பழைய தளத்தில் ஊறியவரால்தான் முடியும். மாற்றம் நடக்கும் காலத்தில் நிறுவனத்துக்கு மிகத் தேவைப்படும் ஆள், இரண்டு கரையையும் அறிந்தவர்தான். இதையே அந்த மகன் தம் மேலாளரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாற்றும்போது அவசரப்பட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்ற வங்கி 2018 ஏப்ரலில், ஒரு வாரக் கடைசியில், தன் வாடிக்கையாளர் கணக்குகள் முழுவதையும் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. இது தரவுத்தளத்தை மட்டும் மாற்றியது அல்ல. வங்கியின் அமைப்பு முழுவதையும் மாற்றியது. தகவல்கள் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தன. ஆனால் புதிய அமைப்பு பாரம் தாங்கவில்லை. ஏறக்குறைய 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். வங்கி பழைய நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022-இல் கண்காணிப்பு அமைப்புகள் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன் அபராதம் விதித்தன.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வரிகள் போய்ச் சேர்ந்துவிட்டன என்பதோடு வேலை முடியவில்லை. சம்பள நாளன்று எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் புதிய அலுவலகம் தாங்குமா என்றும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். அனுபவமுள்ள நிர்வாகி நான்கு காரியங்களை வற்புறுத்த வேண்டும். முதலில் சிறிய, ஆபத்தில்லாத ஒரு தரவுத்தளத்தை மாற்றிப் பழக வேண்டும். பெரியதை மாற்றுமுன் பலமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். மாற்றியபின் இரண்டு புத்தகத்திலும் வரிகளை எண்ணி, தொகைகளைக் கூட்டி, ஒத்துப் பார்க்க வேண்டும். தவறினால் பழையதற்குத் திரும்பும் வழியை அடைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

எண்ணிப் பார்ப்பது அற்பமான வேலை என்று நினைக்காதீர்கள். நான் எங்கள் பள்ளி நூலகப் பட்டியலைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றினேன். எல்லாம் சரி என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பிறகு சந்தேகம் வந்து எண்ணினேன். பழையதில் 412 நூல்கள். புதியதில் 409. மூன்று நூல்களைத் தேடிப் பிடிக்க ஒரு பிற்பகல் ஆயிற்று. தவறு கணினியுடையது அல்ல, என்னுடையது. நூல்களுக்கு அது மூன்று. வங்கிக்கு அது மூன்று குடும்பம்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். அந்த மகனைப் போன்றவர் என்ன செய்யலாம்?

முதலாவது, அவசரப்பட்டு வேலையை விடக் கூடாது. சொக்சோவின் கீழ் 2018-ஆம் ஆண்டு முதல் வேலை காப்புறுதித் திட்டம் நடக்கிறது. ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு அதிலிருந்து மாத உதவித்தொகையும் பயிற்சிக் கட்டணமும் பெற வழி உண்டு. வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் தாமாக விரும்பி வேலையை விட்டவருக்கு இது கிடைக்காது. தூக்கமில்லாத ஓர் இரவில் எழுதிய ராஜினாமாக் கடிதம் இந்தக் கதவை அடைத்துவிடும்.

இரண்டாவது, பயிற்சியை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட முதலாளிமார், சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பணம் தொழிலாளர் பயிற்சிக்கென்றே இருக்கிறது. 'என்னைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்' என்று கேட்பது இரவல் கேட்பதல்ல.

மூன்றாவது, வீட்டில் பழக வேண்டும். போஸ்ட்கிரெஸ் இலவசம், சாதாரணக் கணினியிலேயே ஓடும். நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். வெறும் பாடம் படிப்பதைவிட, தமக்குத் தெரிந்த ஒன்றை அதில் கட்டிப் பார்ப்பது நல்லது. கோயில் உபயப் பட்டியலோ, குடியிருப்பு மரண சகாய நிதிக் கணக்கோ எதுவாக இருந்தாலும் சரி. அதை வேண்டுமென்றே கெடுத்து, பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். உண்மையான கணக்கில் கெடுவதற்குமுன் பொய்க் கணக்கில் கெட்டுப் பழகுவது லாபம்.

நான்காவது, இளையவரிடம் கேட்க வெட்கப்படக் கூடாது. இது சொல்வதற்கு எளிது. பதினெட்டு ஆண்டு பிறருக்குச் சொல்லிக்கொடுத்த வாய், இருபத்தைந்து வயதுப் பிள்ளையிடம் 'இது எப்படி?' என்று கேட்கக் கூசும். நானும் ஆசிரியன், எனக்குத் தெரியும். வகுப்பில் கணினி நின்றுபோனால் ஆறாம் ஆண்டு மாணவனைக் கூப்பிட்டுத்தான் சரிசெய்கிறேன். அதற்காக அவன் என்னைக் குறைவாக எண்ணியதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய பாடம் படிப்பவர் மெதுவாகத்தான் போவார். நேற்று வரை ஐந்து நிமிடத்தில் முடித்த வேலைக்கு இன்று அரை நாள் ஆகும். அப்போது 'எதிர்வீட்டுப் பையன் டாக்சி ஓட்டியே இவ்வளவு சம்பாதிக்கிறான்' என்று சொல்லாதீர்கள். இரவில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துக் கொடுங்கள். அதுவே பெரிய உதவி.

பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொன்று. நம் பத்து பாகாட்டிலேயே, பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி அறிவியலுக்குத் தனிப் புலம் உண்டு. 1993-இல் அந்த இடம் தொழிற்கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் நிலையமாகத்தான் தொடங்கிற்று; 2007-இல் பல்கலைக்கழகமாயிற்று. பிள்ளையை அங்கு அனுப்பும்போது, 'எந்த மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?' என்று மட்டும் கேட்காதீர்கள். மென்பொருள் மாறும். அட்டவணையின் அடிப்படையையும், சரிபார்க்கும் பழக்கத்தையும், பிறர் கணக்கைத் தன் கணக்காக எண்ணிக் காக்கும் பொறுப்பையும் கற்கிறானா என்று கேளுங்கள்.

அந்த அம்மாவிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. ஒன்றைத்தான் சொன்னேன். "ஐயா கத்தியைத்தான் மாற்றினார், கையை மாற்றவில்லை. உங்கள் மகனிடமும் அதைச் சொல்லுங்கள். மழைக்கு ஒதுங்கி நின்று ஏச்சு வாங்கிய கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்."

அவர் மதிப்பெண் அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். "அதை அவன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதே இல்லை, வாத்தியாரே" என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அப்படிச் சொல்லாத கதைகள் இருக்கும். கத்தியை மாற்றியவர், ஊரை மாற்றியவர், தொழிலை மாற்றியவர் இருப்பார்கள். இன்று இரவு உங்கள் பிள்ளைகளிடம் அவற்றைச் சொல்லுங்கள். கணினியின் முன்னால் விழித்திருக்கும் பிள்ளைக்கும் அது பயன்படும்.